பட்டினத்தார் யாரிடம் பேசினார்?

ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து கடலை ஒட்டி வடக்கே போனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அதையும் தாண்டி, துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைக் கடந்தால் திருவொற்றியூர். அங்கே கடற்கரையோரத்தில் பட்டினத்தாரின் சமாதிக் கோயில் இருக்கிறது. கப்பல் கப்பலாகப் பொருள் சேர்த்து, ஒரே நாளில் அத்தனையையும் உதறிவிட்டு வீதியில் இறங்கியவர் என்று தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் மனிதர் அடங்கிய இடம் இது. எதிரே கடல், அலை கரையைத் தின்றுவிடாமல் இருக்கக் கொட்டிய பாறாங்கற்கள். பின்னால், உலகத்துச் சரக்கையெல்லாம் சுமந்தபடி ஊர்ந்து போகும் லாரிகள்.

ஆடி உத்திராடத்தில் அவருக்குக் குருபூசை. பட்டினத்தார் பெயரைச் சொல்லும் மேடைகளில் பெரும்பாலும் கேட்கும் பாடம் ஒன்றுதான்: ஆசையை விடு, இருப்பதைக் கொண்டு நிறைவாக வாழ். வடசென்னையில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் யார்? வலை பின்னுகிறவர்கள், மீன் கூடை சுமக்கிறவர்கள், ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர்கள். விடுவதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது?

பாடத்தில் பிழையில்லை. போய்ச் சேரும் விலாசத்தில்தான் பிழை. பட்டினத்தார் பேசியது பெட்டி நிறையச் சேர்த்து வைத்தவர்களிடம். இல்லாதவனைப் பார்த்து ‘போதும் என்று இரு’ என்று சொல்ல அவர் பெயரைப் பயன்படுத்துவது அவருக்குச் செய்யும் அநீதி. இதைத் தெளிவாகப் பார்க்க, அவரைப் போலவே ஒரு துறைமுக நகரத்தில், பணம் புழங்கிய வீட்டில் பிறந்து, எல்லாவற்றையும் துறந்து திரிந்த ஒரு கிரேக்கரின் வாழ்க்கை உதவும். அவர் பெயர் டயோஜினிஸ்.

கருங்கடலின் தென்கரையில், இன்றைய துருக்கியில், சினோப் என்ற நகரம் இருக்கிறது. சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு அது கிரேக்கர்களின் வணிகத் துறைமுகம். டயோஜினிஸின் தந்தை ஹிக்கேசியாஸ் அங்கே காசுக்கடை நடத்தியவர். நகரத்து நாணயச் சாலையே அவர் பொறுப்பில் இருந்தது என்பார்கள். நாணயங்களைச் சிதைத்த குற்றத்துக்காகக் குடும்பம் சிக்கியது. மகன் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டான். இது வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்தக் காலத்துச் சினோப் நாணயங்கள் பல, உளியால் வெட்டிச் சிதைக்கப்பட்ட நிலையில் கிடைத்திருக்கின்றன. ஹிக்கேசியாஸ் என்ற பெயர் பொறித்த காசுகளும் உண்டு. நாடு கடத்தப்பட்டதைச் சொல்லி யாரோ பிற்காலத்தில் இடித்துக் காட்டியபோது, ஊரைவிட்டுப் போகும்படி அவர்கள் எனக்குத் தண்டனை விதித்தார்கள், அந்த ஊரிலேயே கிடக்கும்படி நான் அவர்களுக்கு விதித்தேன் என்றாராம் டயோஜினிஸ்.

ஏதென்ஸுக்கு வந்தவர் வீடு தேடவில்லை. சந்தைச் சதுக்கத்தை ஒட்டிய கோயில் வளாகத்தில் கிடந்த ஒரு பெரிய தாழிக்குள் குடியேறினார். ஐரோப்பிய ஓவியர்கள் இதை மரப்பீப்பாயாக வரைந்து வரைந்து உலகம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். உண்மையில் அது தானியமும் எண்ணெயும் ஒயினும் சேமிக்கும் ஆளுயரச் சுடுமண் கலம். ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் சட்டென்று பிடிபடும். ஒரு மேலாடை, ஒரு தடி, ஒரு பை, தண்ணீர் குடிக்க ஒரு குவளை. இவ்வளவுதான் சொத்து. ஒரு நாள் ஒரு சிறுவன் இரண்டு கைகளையும் குவித்துத் தண்ணீர் அள்ளிக் குடிப்பதைப் பார்த்தார். எளிமையில் ஒரு குழந்தை தன்னை வென்றுவிட்டதே என்று அந்தக் குவளையையும் எறிந்துவிட்டார்.

பட்டப்பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடி அலைந்த கதை பலருக்குத் தெரியும். மனிதன் என்பவன் இறகில்லாத இருகால் பிராணி என்று பிளேட்டோ வரையறுத்துப் பாராட்டு வாங்கியபோது, இறகு பிடுங்கிய கோழி ஒன்றைக் கொண்டுவந்து ‘இதோ பிளேட்டோவின் மனிதன்’ என்று காட்டியவரும் இவர்தான். சிலைகளின் முன்னால் நின்று பிச்சை கேட்பார். ஏன் என்று கேட்டால், ‘இல்லை’ என்ற பதிலை வாங்கிப் பழகுகிறேன் என்பார். கிரேக்கர்கள் தங்கள் நகரத்தைச் சொல்லித்தான் தங்களை அடையாளப்படுத்திக்கொள்வார்கள். எந்த ஊர் என்று இவரைக் கேட்டபோது, உலகத்தின் குடிமகன் என்றார். எந்த நகரமும் சொந்தமில்லாமல் விரட்டப்பட்ட ஒருவர் அவமானத்தைப் பெருமையாகத் திருப்பிக் காட்டிய பதில் அது.

இந்தக் கதைகளில் பெரும்பகுதி, அவர் காலத்துக்கு 500 ஆண்டுகளுக்கும் பிறகு டயோஜினிஸ் லயர்ட்டியஸ் என்ற, பெயரில் மட்டுமே ஒற்றுமையுள்ள எழுத்தாளர் தொகுத்தவை. சினோப் டயோஜினிஸ் தம் கையால் எழுதியதாக எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை. வாய்வழியாக வந்தவற்றில் எது நடந்தது, எது கட்டியது என்று பிரிப்பது கடினம். பட்டினத்தாருக்கும் இதே நிலைமைதான். பதினோராம் திருமுறையில் திருவொற்றியூர் ஒருபா ஒருபது உள்ளிட்ட ஐந்து நூல்களைப் பாடியவர் ஒருவர், உடலையும் செல்வத்தையும் இடித்துப் பாடிய சித்தர் பின்னாளில் வந்த இன்னொருவர் என்று ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். மக்கள் மனத்தில் இருவரும் ஒருவரே. 1962-இல் டி.எம். சௌந்தரராஜன் பட்டினத்தாராகவே நடித்துப் பாடிய பிறகு அந்த உருவம் இன்னும் கெட்டிப்பட்டுப்போனது.

அந்த மக்கள் கதையையே எடுத்துக்கொள்ளலாம். காவிரிப்பூம்பட்டினத்தில் பெருங்கடல் வணிகர் திருவெண்காடர். யவனர்களின் குடியிருப்புகள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும் அதே நகரம். பிள்ளை இல்லாதவருக்கு வளர்ப்பு மகனாக மருதவாணன் வருகிறான், வளர்கிறான், கப்பலேறிப் போகிறான். திரும்பி வரும்போது கப்பலில் தவிடும் வரட்டியும். வணிகருக்குக் கோபம். மகன் விட்டுச்சென்ற பேழையைத் திறந்தால் காதறுந்த ஊசி ஒன்றும், சாகும்போது அதுகூட உடன் வராது என்ற சேதியும். திருவெண்காடர் அன்றே எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோவணத்தோடு வெளியேறுகிறார்.

அந்தச் சேதி யாருக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கப்பலின் சொந்தக்காரருக்கு வந்தது. சரக்கிறக்கும் கூலியாளின் குடிசைக்கு அந்தப் பேழை போகவில்லை. தவிட்டைப் பார்த்துக் கொதித்தவர் லாபத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த முதலாளி.

டயோஜினிஸ் கதையோடு ஒட்டி நிற்கும் இன்னொரு நிகழ்ச்சி திருவிடைமருதூரில் நடக்கிறது. அரச பதவியைத் துறந்து பட்டினத்தாரின் சீடரான பத்திரகிரியார் அங்கே கோயில் வாசலில் இருக்கிறார். கையில் பிச்சை வாங்க ஒரு சட்டி, கூடவே ஒரு நாய். பசி என்று வந்தவரிடம் பட்டினத்தார், என்னிடம் ஒன்றுமில்லை, எதிர் வாசலில் சட்டியும் நாயுமாக ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள் என்று அனுப்புகிறார். அந்தச் சொல் பத்திரகிரியாரைச் சுட்டுவிடுகிறது. சட்டியை வீசி எறிகிறார். அது நாயின் மேல் பட்டு நாயும் சாகிறது. அங்கே குவளை, இங்கே சட்டி. டயோஜினிஸையே ஏதென்ஸ்காரர்கள் ‘நாய்’ என்றுதான் அழைத்தார்கள். அவர் கொரிந்து நகரில் இறந்தபோது, கல்லறைமேல் தூண் நட்டுச் சலவைக்கல் நாய் ஒன்றை வைத்தார்களாம்.

இதிலும் பேச்சு யாரை நோக்கியது என்று பார்க்கலாம். நேற்றுவரை அரசனாக இருந்தவனிடம் ‘சட்டி வைத்திருக்கிறாய்’ என்று குத்தலாம். அரசே இல்லாத ஒருவனிடம் அதைச் சொன்னால் அது கொடுமை.

கிரேக்கத்திலும் டயோஜினிஸ் வழியில் வந்தவர்களில் புகழ்பெற்றவர்கள் பலர் உள்ளவர்கள்தான். தீப்ஸ் நகரத்துக் கிராட்டிஸ் பெருஞ்செல்வர். சொத்தைத் துறந்துவிட்டு வந்தார். ஹிப்பார்க்கியா வசதியான வீட்டுப் பெண். பெற்றோர் தடுத்தும் கிராட்டிஸை மணந்து, அவர் அணிந்த அதே முரட்டுத் துணியை உடுத்தி, ஆண்கள் கூடிய சபைகளில் வாதிட்டார். சைப்ரஸ் தீவிலிருந்து வந்த ஜீனோ ஒரு வணிகர். சாயச் சரக்கோடு வந்த கப்பல் உடைந்து ஏதென்ஸில் கரை ஒதுங்கி, கிராட்டிஸுக்கு மாணவராகி, பின்னாளில் ஸ்டோயிக் மரபைத் தொடங்கினார்.

ஹிப்பார்க்கியாவைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாடல்களில் பெண்ணுடலைப் பற்றிய இழிவுரைகள் நிறைய உண்டு. துறவின் சுமையை ஏன் பெண்களின் தலையில் இறக்க வேண்டும்? அவர் விட்டுவிட்டுப் போன மனைவி சிவகலையின் பக்கத்தை அந்தக் கதை கேட்கவே இல்லை. டயோஜினிஸிடமும் குறை உண்டு. கடற்கொள்ளையரிடம் சிக்கி அடிமைச் சந்தையில் தானே விற்கப்பட்டவர் அவர். உனக்கு என்ன தெரியும் என்று கேட்ட தரகனிடம் ‘மனிதர்களை ஆளத் தெரியும்’ என்று சொல்லி, கொரிந்துக்காரர் ஒருவரைச் சுட்டி, இவருக்கு ஒரு எஜமான் தேவை, என்னை இவரிடம் விற்றுவிடு என்றாராம். அத்தனை துணிச்சல் இருந்தும், அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று அவர் சொன்னதாகக் கதை எதுவும் இல்லை. பெரிய மனிதர்களைப் போற்றுவதற்கு அவர்களின் ஊனங்களை மூடிவைக்கத் தேவையில்லை.

இனி, எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சந்திப்பு. கிரேக்கத்தையே கைக்குள் கொண்டுவந்த இளம் அலெக்சாண்டர் கொரிந்துக்கு வருகிறார். நகரத்துப் பெரியவர்கள் எல்லோரும் போய்ப் பார்த்து வாழ்த்துகிறார்கள்; டயோஜினிஸ் மட்டும் போகவில்லை. அரசரே தேடி வருகிறார். வெயில் காய்ந்துகொண்டு படுத்திருக்கிறார் இவர். உமக்கு என்ன வேண்டும் என்கிறார் அலெக்சாண்டர். கொஞ்சம் விலகி நில், வெயிலை மறைக்கிறாய் என்கிறார் டயோஜினிஸ்.

இதை ஆணவத்தின் உச்சம் என்றும் பற்றின்மையின் உச்சம் என்றும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டையும்விட முக்கியமான ஒன்று அதற்குள் இருக்கிறது. எதை வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய அரசரிடம், அவரால் கொடுக்க முடியாத ஒன்றை எடுத்துக்கொள்ளாதே என்று கேட்கிறார் அவர். வெயில் அலெக்சாண்டரின் சொத்தில்லை. நிழலை மட்டும்தான் அவரால் உண்டாக்க முடியும். ஒன்றுமில்லாத மனிதன் அதிகாரத்திடம் வைத்த கோரிக்கை அது, தன் உரிமையிலிருந்து எழுந்த கோரிக்கை. ‘போதும்’ என்று அடங்கிப்போன குரலாக அதைப் படிப்பது தவறு.

அந்தக் கோரிக்கை வடசென்னைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது அதுதான்.

ராயபுரத்தில் மாடியில் காயப்போட்ட துணியில் நிலக்கரித் தூசி படிந்த காலம் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் இறக்கி ஏற்றுவதை எதிர்த்து வழக்குப் போய், உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2011-இல் அந்தச் சரக்கு நிறுத்தப்பட்டது. நிலக்கரி எங்கே போனது? எண்ணூர் துறைமுகத்துக்கு. ராயபுரம் கொஞ்சம் மூச்சுவிட்டது. அந்தத் தூசி வடக்கே இன்னும் ஏழைகளான கிராமங்களை நோக்கி நகர்ந்தது. நகரத்தின் மின்சாரத்துக்காக எரிக்கும் நிலக்கரியின் சாம்பல் எண்ணூர் கழிமுகத்தில் சேர்ந்தது. குழாய் உடையும்போதெல்லாம் சாம்பல் கலந்த நீர் கொசஸ்தலை ஆற்றுக்குள் பாய்ந்தது. பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்த சேறு, காலை வைத்தால் சாம்பல் கூழாய் வழுக்கியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. அங்குள்ள பொதுத்துறைச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து அது வெளியேறியதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டிக்காட்டியது. பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகம் வரை கறுப்பாகப் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரங்களின் வேர் என்று எல்லாவற்றிலும் பிசுக்கு. மீனவர்கள் பக்கெட்டும் குவளையுமாக ஆற்றில் இறங்கி எண்ணெயை மொண்டு மொண்டு எடுத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடின. சுனாமி வந்த அதே தேதி.

எண்ணெய்க்குப் பிறகு பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 12,500 ரூபாய். பணம் தேவைதான், அடுப்பு எரிய வேண்டும். ஆனால் உப்பங்கழியைக் கெடுத்துவிட்டு ஆலைகள் பள்ளிக்கூடப் பை கொடுக்கின்றன, மருத்துவ முகாம் நடத்துகின்றன. எண்ணூர் மக்களுக்கு வேண்டியது இந்தத் தர்மம் இல்லை. அவர்களுடையதாக இருந்த ஆறும் காற்றும் அவர்களுக்கு வேண்டும். உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அதிகாரம் இங்கேயும் வந்து நிற்கிறது, வெயிலை மறைத்தபடியே.

இந்த மக்களிடம்போய் ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்று சொல்லலாமா? அவர்களின் துன்பத்துக்குக் காரணம் ஆசைதான், ஆனால் அவர்களுடைய ஆசை அன்று. ஒரு வீட்டுக்கு நாலு ஏசி வேண்டும் என்ற ஆசை, விளக்கு விடிய விடிய எரியும் வணிக வளாகம் வேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையின் சாம்பலும் புகையும் ஓரிடத்தில் போய் விழ வேண்டும். அது எண்ணூரில் விழுகிறது. பட்டினத்தாரின் காதறுந்த ஊசியை அனுப்ப வேண்டிய வீடுகள் எவை என்று இப்போது தெரியும்.

திருவொற்றியூருக்கு இன்னொரு பெரியவரின் காலடியும் பட்டிருக்கிறது. ராமலிங்க வள்ளலார் சிறுவயதிலிருந்து ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்தவர். அங்கிருந்து நடந்தே வந்து வடிவுடையம்மனையும் தியாகராசரையும் வழிபட்டவர். பட்டினத்தாரைப் போலவே அவரும் செல்வத்தைத் துச்சமாக மதித்தார். ஆனால் பசித்தவனைப் பார்த்துப் பற்றைத் துற என்று அவர் சொல்லவில்லை. 1867 மே 23 அன்று வடலூரில் தருமசாலை தொடங்கி அடுப்பைப் பற்றவைத்தார். அது இன்றும் எரிகிறது. முதலில் சோறு, அதன் பிறகுதான் ஆன்மிகம் என்ற வரிசையைத் தெளிவாக வகுத்த துறவி அவர். தானாக விரும்பி ஏற்கும் எளிமைக்கும் பிறர் திணிக்கும் வறுமைக்கும் உள்ள தூரத்தை வள்ளலார் அளவுக்கு உணர்ந்தவர்கள் குறைவு.

ஆகவே மேடைகளுக்கு ஒரு வேண்டுகோள். பட்டினத்தாரைப் பற்றிப் பேசுங்கள், நிறையவே பேசுங்கள். குருபூசைக்குத் திருவொற்றியூர் மக்கள் மட்டும் கூடினால் போதாது. கப்பல் நிறுவனங்களின் அலுவலகங்களிலும் ஆலை நிர்வாகங்களின் கூட்டங்களிலும் அவரைப் பேச வேண்டும். பள்ளிப் பாடத்தில் டயோஜினிஸ் வந்தால், தாழிக்குள் வாழ்ந்த விசித்திர மனிதர் என்று முடித்துவிடாமல், விலகி நில் என்று அவர் யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நகரத்து வாசகர்களுக்கும் ஒன்று. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அதே இடத்தில் 660 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையத்துக்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. வேண்டாம் என்று எழுந்து பேசியவர்களில் அந்த வட்டாரத்து மக்களே அதிகம். இப்படிப்பட்ட கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. திட்டத்தோடு தொடர்புள்ள வெளியூர்க்காரர்களும் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். அந்த மின்சாரத்தை எரிக்கப்போகிறவர்களுக்கு அதில் தொடர்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த அறிவிப்பு வரும்போது அடையாறிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கடிதங்கள் போகட்டும்.